தீர்மான நோட்டு

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் என்றால், இரண்டே முக்காலுக்கெல்லாம் அந்தக் கறுப்புக் குடை ரோட்டுத் திருப்பத்தில் தெரிந்துவிடும். வெயிலோ மழையோ, குடை உண்டு. அதன் நிழலில் வெளுத்த நூல் சேலை, தோளில் ஒரு துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. முட்டிவலியால் நடையில் இடப்பக்கமாக ஒரு சாய்வு. பள்ளிக் கேட்டை அடைந்ததும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே வந்து, திரும்பி நின்று கொக்கியை மாட்டுவார். அவருக்கு முன்னால் போன நாலு பேர் கேட்டைத் திறந்தபடியே விட்டுப் போயிருப்பார்கள். ஆடு புகுந்தால் வைத்த கன்று மிஞ்சாது.

ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. டீச்சர் என்றால் அவர்தான். இப்போது வேலையில் இருப்பவர்களைச் சொல்வதென்றால் 'அஞ்சாங்கிளாஸ் டீச்சர்', 'கணக்கு டீச்சர்' என்று முன்னால் ஏதாவது சேர்க்க வேண்டும். வெறும் டீச்சர், 2013-இல் ஓய்வு பெற்றுப் போனவர்.

புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிக்குக் கிழக்கே, செம்மண்ணும் பலாவும் பூந்தோட்டமுமாக இருக்கிற பக்கம் எங்கள் ஊர். பள்ளி, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு வரை. முன்புறம் பெரிய வேப்பமரம் ஒன்று நின்றது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அதை வேரோடு சாய்த்தது. கிளைகளை வெட்டி எடுத்துப்போய்விட்டார்கள். அடிமரம் மட்டும் சுவரோரம் கிடக்கிறது. மாதாமாதம் நான் உட்காருவது அதன்மேல்தான். நேர் எதிரே வகுப்பறைச் சன்னல், உள்ளே கூட்டம். என் வீட்டுக்காரி பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். நான் அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டு, முடிந்ததும் கூட்டிப்போகிறவன். என் பங்கு அவ்வளவுதான்.

நான் வெளியே இருப்பதற்கும் டீச்சர்தான் காரணம். முதல் கூட்டத்தன்று, தலைவியாகத் தேர்வான பெண்ணோடு அவர் கணவரும் உள்ளே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டிராக்டர் ஓட்டுகிறவர், நல்ல மனிதர். தலைமையாசிரியர் தலைவியிடம் ஒன்று கேட்டால், பதில் கணவர் வாயிலிருந்து வந்தது. மனைவி தேர்தலில் ஜெயித்தால் கணவர் நாற்காலியில் உட்காருவதைப் பார்த்துப் பழகிய ஊர். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. டீச்சர் அவரைப் பார்த்து, "தம்பி, நீங்களும் உறுப்பினரா?" என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை. தெரியாமல் கேட்பவர் போலத்தான் கேட்டார். "இல்ல டீச்சர், சும்மா ஒரு தொணைக்கு..." என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து இன்னும் இரண்டு கணவர்கள் எழுந்தார்கள். அதில் ஒருவன் நான். அன்றிலிருந்து அடிமரத்துக்கு ஆள் சேர்ந்தது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. பள்ளி மேலாண்மைக் குழு அதன் 21-ஆம் பிரிவில் இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் பள்ளிதோறும் பெற்றோரைக் கூட்டி இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். அப்போது ஒரு பள்ளிக்கு 20 பேர். பெற்றோர் 15 பேர், தலைமையாசிரியர், ஆசிரியர் ஒருவர், உள்ளாட்சி உறுப்பினர்கள் இருவர். கணக்குப் போட்டால் ஒரு நாற்காலி மிச்சம். கல்வியாளர் என்ற வகையில் அந்த இருபதாவது நாற்காலிக்கு டீச்சர் வந்தார். தலைவர் பெற்றோரில் ஒருவராகத்தான் இருக்க முடியும். ஆக, இந்தப் பள்ளியில் மட்டும் 22 ஆண்டு, இவர் வராந்தாவில் நடந்தால் மூன்று வகுப்பு அடங்கிய மனுஷி, அந்தக் குழுவில் இருபதில் ஒரு கை.

தலைவி யாரென்று கேட்டால், இவரிடம் எட்டாம் வகுப்புவரை படித்த பெண்.

சன்னல் வழியே பார்க்கிறவனுக்குப் பேச்சு பாதிதான் கேட்கும். கை கால் எல்லாம் முழுசாகத் தெரியும். டீச்சர் உட்காருவது சன்னலை ஒட்டிய கடைசி நாற்காலி. அந்த அறையின் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஓடுகிற கறுப்புப் பட்டை இன்னும் அழியவில்லை. செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதுவதற்காக அடித்த தாழ்வுப் பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு. பங்குக்குப் பங்கு கோடு. டீச்சர் உட்கார்ந்ததும் அந்தப் பட்டையை விரலால் ஒருமுறை தொட்டு, விரலைப் பார்ப்பார். சாக்பீஸ் தூள் ஒட்டுகிறதா என்று பார்க்கிறாரோ என்னவோ.

கூட்டம் நடக்கும்போது பக்கத்து வகுப்பில் பாடமும் நடக்கும். ஒரு பையன் எதையோ தப்பாக வாசித்தால் இங்கே டீச்சரின் உதடு அசையும். சத்தம் வராது. திருத்தம் உதட்டோடு நின்றுவிடும். மணி அடிக்கத் தாமதமானால் மணிக்கட்டைப் பார்ப்பார். யாராவது தப்பான கணக்குச் சொன்னால் இடது உள்ளங்கையில் வலது ஆள்காட்டி விரல் எதையோ எழுதும். எழுதி, தேய்த்து அழிக்கும். 1978-இல் வேலையில் சேர்ந்து 35 ஆண்டு வாயால் பிழைத்தவர். அந்த வாயை ஒன்றரை மணி நேரம் மூடிவைக்க அவர் படுகிற பாடு, சன்னலுக்கு வெளியே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

மற்றவர்கள் அவரை விடுவதாக இல்லை. எதைக் கேட்டாலும் பத்துத் தலை சன்னல் பக்கம் திரும்பும். "டீச்சர் சொன்னாச் சரி." டீச்சர் தலைவியைப் பார்ப்பார். "தலைவரம்மா என்ன சொல்றாங்கன்னு கேப்போம்."

அந்த 'தலைவரம்மா'வும் 'ங்க'வும் எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. கூட்டம் முடிந்து கேட்டைத் தாண்டினால் அதே பெண் அவருக்கு 'ஏடி'தான். "ஏடி, நாளைக்குக் காலம்பற ஒரு முழம் பூ குடுத்தனுப்பு" என்பார். கேட்டுக்கு உள்ளே 'நீங்க சொல்லுங்க', வெளியே 'நீ வாடி'. கொக்கி மாட்டுகிற இடத்தில் விகுதி மாறும். தலைவிக்கும் இது பழக நாளாயிற்று. முதல் இரண்டு மாதம், டீச்சர் உள்ளே வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். மூன்றாவது மாதம் பாதி எழுந்தார். அப்புறம் எழவில்லை. எழாத அன்றைக்கு டீச்சர் முகத்தில் ஒரு நிறைவைப் பார்த்தேன். நான் தப்பாகவும் பார்த்திருக்கலாம்.

தலைவி விடியற்காலையில் தோட்டத்தில் மல்லிகை பறித்து, பகலில் வீட்டிலிருந்து பூக்கட்டுகிறவர். கூட்டத்தில் யோசிக்கும்போது கை சும்மா இருக்காது. முந்தானை நுனியில் இல்லாத பூவைத் தொடுத்துக்கொண்டிருக்கும். ஆளைப் பார்த்துப் பேசுவதில் கெட்டி. "வெங்காயச் சாம்பாருன்னு சொல்றாக, வெங்காயத்தத் தேட வேண்டியிருக்கு" என்று சத்துணவுக்காரரிடம் முகத்துக்கு நேரே சொன்னவர். ஆனால் தீர்மான நோட்டை முன்னால் வைத்தால் ஆளே மாறிவிடுவார். "எங்க சார் போடணும்?" என்பார். தலைமையாசிரியர் விரல் வைத்துக் காட்டுவார். விரலுக்குக் கீழே கையெழுத்து விழும். நோட்டு அடுத்த ஆளுக்குப் போகும். பதினைந்து கையெழுத்து, ஐந்து நிமிஷம். என் வீட்டுக்காரியும் அப்படித்தான் போட்டாள். கேட்டால், "எல்லாரும் போட்டாக, நானும் போட்டேன்" என்றாள்.

நான் சொல்ல வந்தது அந்த நோட்டைப் பற்றித்தான்.

நாலாவது கூட்டமோ ஐந்தாவதோ. நோட்டு தலைவியிடம் போவதற்கு முன்னால் டீச்சர் கை நீட்டினார். தலைமையாசிரியர் மரியாதையாகக் கொடுத்தார். டீச்சர் நோட்டைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டக் கொண்டுபோனார். "அடடா, கண்ணாடிய மறந்து வச்சிட்டு வந்துட்டேன். தலைவரம்மா, என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

தலைவி நோட்டை வாங்கினார். வாசித்தார். எழுத்துக் கூட்டவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கால் வைத்துப் பார்த்து வைத்துப் பார்த்து நடப்பது போலிருந்தது. 'ஒருங்கிணைந்த' என்ற இடத்தில் தடுக்கியது. அறையில் யாரும் அசையவில்லை. டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கை நீட்டுவதற்கு முன், மேசைக்குக் கீழே, மடியில் இருந்த கண்ணாடிக் கூட்டைத் துணிப்பைக்குள் தள்ளி மூடினார் டீச்சர். சன்னல் அவர் பக்கத்தில். நான் சன்னலுக்குப் பக்கத்தில்.

அடுத்த மாதமும் கண்ணாடி மறந்துவிட்டது. அதற்கடுத்த மாதமும். ஊரில் டீச்சருக்கு ஞாபகம் குறைகிறது என்று ஒரு பேச்சுக்கூடக் கிளம்பியது. அவர் மறுக்கவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோதுதான் என் வீட்டுக்காரி வேறொரு கதையைச் சொன்னாள். தலைவியே இவர்களிடம் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை. ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ, தமிழ்ப் பாடத்தை நின்று வாசிக்கச் சொன்னபோது ஒரு சொல்லில் தடுக்கியிருக்கிறது. டீச்சர் கையில் மர ஸ்கேல். விரல் முட்டியில் ரெண்டு. மறுபடி வாசி. மறுபடி தடுக்கல். மறுபடி ரெண்டு. அன்றைக்கு அடிக்காத ஆசிரியர் அக்கறை இல்லாத ஆசிரியர். அப்பா அம்மாவே வந்து "கண்ண மட்டும் விட்டுட்டு அடிங்க" என்று சொல்லிவிட்டுப் போன காலம். பிள்ளையை அடிப்பதைத் தடை செய்யும் 17-ஆம் பிரிவு, இந்தக் குழுவைக் கொண்டுவந்த அதே சட்டத்தில்தான் பின்னால் வந்தது. "அதுக்கப்புறம் பொதுவுல வாசிக்கச் சொன்னாலே எனக்கு வெரலு வலிக்கும்" என்று தலைவி சொல்லியிருக்கிறார். டீச்சருக்கு அது நினைவிருக்கிறதா என்று நான் யாரையும் கேட்கவில்லை. எத்தனை விரல்களை நினைவு வைத்திருப்பார்?

ஆனால் இன்னொன்று அவருக்கு நினைவிருக்கிறது. 1991-இல், எழுத்தறிவு இயக்கம் வந்து புதுக்கோட்டை மாவட்டமே அறிவொளி, அறிவொளி என்று ஆடிப் பாடிய வருஷம், டீச்சர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தார். பகலில் பிள்ளைகள், ராத்திரியில் பிள்ளைகளின் அம்மாக்கள். கல் உடைக்கிறவர்கள், களை எடுக்கிறவர்கள், பூப் பறிக்கிறவர்கள் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து சிலேட்டில் எழுதிய காலம். பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். முப்பத்தாறு வயதில் டீச்சரும் கற்றுக்கொண்டு, விழுந்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். இன்றைய சாய்வு நடைக்கு அதுதான் ஆரம்பம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த விளக்கு வட்டத்தில் தலைவியின் அம்மாவும் ஒருத்தி. கைநாட்டு வைத்த பெருவிரலுக்குப் பேனா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் டீச்சர். ரேஷன் கடையில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட அன்று அந்த அம்மா ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தாராம்.

அம்மா கையெழுத்துப் போடக் கற்றாள். மகள், போட வேண்டிய இடத்தைக் கேட்டுப் போடுகிறாள். முப்பது வருஷத்தில் மை ஒற்றும் பெட்டி போய்ப் பால்பாயின்ட் பேனா வந்திருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போட்டால், பெருவிரலுக்கும் பேனாவுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இது டீச்சர் சொன்னதில்லை. அடிமரத்தில் உட்கார்ந்து நானாக யோசித்தது.

வாசிக்க ஆரம்பித்து நாலைந்து மாதம் ஆன பிறகு அந்தக் கூட்டம் வந்தது. தலைவிக்கு வேகம் வந்திருந்தது. 'தீர்மானம் மூன்று' என்று தொடங்கி, பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கான தண்ணீர்க் குழாய் சரி செய்யப்பட்டது என்று வாசித்துவிட்டு, அடுத்ததுக்குப் போகப் பார்த்தார்.

"கடைசிச் சொல்ல இன்னொருக்கா வாசிங்க" என்றார் டீச்சர்.

"சரி செய்யப்பட்டது."

டீச்சர் மேலே ஒன்றும் பேசவில்லை. அறை அமைதியாக இருந்தது. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று இதே அறையில் எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்திருப்பார். தலைவியின் கை முந்தானையில் தொடுப்பதை நிறுத்தியது. "எங்க சார் ஆச்சு? எம் மக நேத்துக்கூட வீட்டுக்கு ஓடியாந்துட்டுத்தான் திரும்பிப் போனா."

பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, "எம்மகளும்" என்றாள். அப்புறம் என் வீட்டுக்காரி குரல். அவள் கூட்டத்தில் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். பாடமும் எடுத்து, வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றி, மதியச் சாப்பாட்டுக்கு எண்ணிக்கை அனுப்பி, கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் நிரப்பி, மிச்ச நேரத்தில் மூச்சு விடுகிறவர். கூட்டத்தின் தீர்மானங்களையும் அன்றைக்கே செல்போனில் ஏற்றியாக வேண்டும். எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது அடிமரத்துப் பக்கம்தான். பலநாள் அவர் என் பக்கத்தில் வந்து நின்று, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அதனால் காலையிலேயே தீர்மானங்களை எழுதி வைத்துவிடுவது அவர் வழக்கம். ஊராட்சியில் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். எப்படியும் வந்துவிடுவான் என்று 'செய்யப்பட்டது' என எழுதிவிட்டார். நம்பிக்கையில் எழுதிய இறந்தகாலம்.

முகம் சிவந்தது அவருக்கு. "எழுதுறப்ப ஒரு எழுத்து மாறிடுச்சும்மா" என்றார். அடித்துவிட்டு, 'சரி செய்து தருமாறு ஊராட்சியைக் கோருவதெனத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினார். தலைவி அந்த அடித்தலுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டார். அடித்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. டீச்சர் சன்னலுக்கு வெளியே, என்னைத் தாண்டி, எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தீர்மானத்தை எழுதி எடுத்துக்கொண்டு அக்டோபர் 2 கிராம சபைக்கு எட்டுப் பெண்கள் போனார்கள். குழாய் தீபாவளிக்கு முன்னால் வந்தது. மோட்டாருக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

டீச்சரைத் தெய்வமாக்கி எழுத எனக்கு ஆசையில்லை, அவரும் விரும்பமாட்டார். ஒருநாள் சேர்க்கை பற்றிப் பேச்சு வந்தது. பள்ளியில் 97 பிள்ளைகள். இந்த எண்ணிக்கைக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் பள்ளி மானியம். நூறைத் தாண்டினால் 50,000. நாலு பிள்ளை சேர்ந்தால் காசு இரட்டிப்பு. அந்த நாலு பிள்ளை தினமும் காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேனில் ஏறி இந்தக் கேட்டைத் தாண்டிப் போகிறது. "இங்கிலீசு, இங்கிலீசுன்னு எல்லாம் ஓடுது" என்று ஒருவர் ஆரம்பித்தார். நம் பள்ளியை நாமே விட்டுக்கொடுக்கலாமா என்று உள்ளாட்சி உறுப்பினர் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். அப்போது ஒரு தாய், கோபமில்லாமல், "டீச்சர், ஒங்க பேரப்புள்ளைக எங்க படிக்குது?" என்று கேட்டுவிட்டாள்.

அறையில் காற்றாடிச் சத்தம் மட்டும்.

"சென்னைல. சிபிஎஸ்இ" என்றார் டீச்சர்.

மகன் முடிவு, மருமகள் முடிவு, பக்கத்தில் நல்ல அரசுப் பள்ளி இல்லை என்று எதையும் பின்னால் சேர்க்கவில்லை. கேட்டவள் தலையாட்டினாள். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிற்று. டீச்சரின் விரல் உள்ளங்கையில் நெடுநேரம் எதையோ எழுதி அழித்துக்கொண்டிருந்தது.

97-இல் ஒருவன் ஆறாம் வகுப்புப் பையன். அப்பா அம்மா வெளியூர்ச் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள்; அவன் அப்பத்தாவோடு. இரண்டு வாரமாக வரவில்லை. கூட்டத்தில் அவன் பெயர் வந்தபோது ஆளாளுக்கு அறிவுரை சொன்னார்கள். இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் வண்டியில் வரும்போது, அந்த வீட்டுத் திண்ணையில் கறுப்புக் குடை சாத்தியிருந்ததைப் பார்த்தேன். டீச்சர் அப்பத்தாவோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பையன் ஆட்டை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. எண்ணிக்கை மட்டும் கேட்டிருக்கிறார்: ஏழு ஆடு.

அடுத்த கூட்டத்தில் அதைத் தகவலாகச் சொன்னார். "பையனுக்கு ஏழு ஆடு இருக்கு." சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு தலைவி, "நம்ம அக்கா மேய்க்கிற பட்டியோட ஏழு சேந்தா என்ன?" என்று ஒரு உறுப்பினரைப் பார்த்தார். அந்த அக்கா யோசித்து, "கெடாவ மட்டும் அவனே கட்டிப்போடட்டும். மத்ததப் பாத்துக்கறேன்" என்றார். ஆடு ஆட்டோடு சேர்ந்தது. பையன் வாரத்தில் நாலு நாளாவது வருகிறான். இது எந்த நோட்டிலும் ஏறவில்லை. செயலியில் ஆட்டுக்கு இடமில்லை.

பள்ளி பீரோவின் கதவில் 'உபயம்' என்று எழுதி, கீழே ஒரு பெயர் மங்கிக் கிடக்கிறது. காற்றாடி இறக்கையிலும் உண்டு. 1950-களின் கடைசியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தினார்கள். பெஞ்சு, மேசை, கடிகாரம், நிலம் என்று ஊரார் கொண்டுவந்து குவித்தார்கள். டீச்சரின் அப்பா தன் ஊர்ப் பள்ளிக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தாராம். ஊர் கொடுத்த காலம் அது. கொடுக்கிறவர் பெரும்பாலும் ஊரில் நாலு காணி வைத்திருந்தவர். கேட்கிற இடத்தில் இன்று பூக்கட்டுகிறவரும் ஆடு மேய்க்கிறவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டம் போட்ட நாற்காலி. கொடுக்கிறவர் படிக்காமல் கொடுக்கலாம். கேட்கிறவர் படித்துவிட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி, போன மாதக் கூட்டம்.

டீச்சர் அன்று கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வராந்தாவில் நோட்டோடு வந்து நிற்க, துணிப்பையைத் திறந்து, கூட்டைத் திறந்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பிள்ளையின் கையெழுத்தைப் பார்த்தார். ஒரு 'ழ'வைத் திருத்திக்கொடுத்தார். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். அப்படியே போய் உட்கார்ந்துவிட்டார். தடித்த கறுப்பு பிரேம். முகத்தில் பாதி அதுதான்.

காலை உணவில் கிச்சடி குழைகிறது என்று கொஞ்சம் பேச்சு. மோட்டார் பற்றிக் கொஞ்சம். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பந்தல் வேண்டுமா வேண்டாமா என்று நிறைய. நாலரை மணிக்குத் தலைமையாசிரியர் நோட்டை எடுத்து, விரிக்காமல், தலைவி முன்னால் வைத்தார். இப்போதெல்லாம் அவர் விரலால் இடம் காட்டுவதில்லை.

தலைவி நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, எதிரே நிமிர்ந்து பார்க்காமல், தினப்படி சொல்வது போலச் சொன்னார்: "டீச்சர் கண்ணாடி கொண்டாந்திருக்க மாட்டாக. நானே வாசிச்சிடறேன்."

பத்தொன்பது பேரும் டீச்சர் முகத்தைப் பார்த்தார்கள். தலைவியும் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேர் வாயில் முந்தானையை வைத்து அமுக்கிக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் கண்ணாடியை மெதுவாகக் கழற்றினார். சேலைத் தலைப்பால் துடைத்தார். கூட்டில் வைத்து மூடினார். 'டப்' என்ற சத்தம் அடிமரம் வரைக்கும் கேட்டது.

"வாசிடி" என்றார்.

கேட்டுக்கு உள்ளே அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். தலைவி தொண்டையைச் செருமிக்கொண்டு, தீர்மானம் ஒன்று என்று தொடங்கினார்.